நானூற்றிருபதுக்கு அடுத்த எண்

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று எனக்குப் புதுக் காது வாங்கினோம். வாங்கினோம் என்பது சும்மா ஒரு பேச்சுக்கு. கல்யாண மண்டபத்தில் இலவச முகாம். மாப்பிள்ளை உட்காருகிற சிவப்பு நாற்காலியில் காது பரிசோதிக்கும் மேடம் உட்கார்ந்திருந்தார். பொண்ணு இடத்தில் ஒரு கம்ப்யூட்டர்.

சின்ன வயதில் எனக்குப் பொன்னுக்குவீங்கி வந்தது. வீக்கம் வந்தது, பொன் வரவில்லை. போகும்போது இடது காதை முழுசாக எடுத்துக்கொண்டு, வலது காதில் பாதியை மட்டும் விட்டுவைத்தது. என் பெயர் ஆவுடைச்செல்வி. செல்வியில் ஓர் எழுத்தை எடுத்தால் செவி. பெயரிலேயே காது வைத்த அப்பாவுக்கு நன்றி, அதில் பாதிதான் வேலை செய்கிறது. பழைய காது மிஷின் ஜூலை மழையில் நனைந்து உயிரை விட்டது. அதிலிருந்து வீட்டில் எல்லோரும் என்னிடம் கத்திக் கத்தியே பேசி, பக்கத்து வீடுகளுக்கு எங்கள் வீட்டு ரகசியம் எல்லாம் இலவசமாகப் போய்க்கொண்டிருந்தது.

புது மிஷின் காதுக்குப் பின்னால் உட்காரும். அதிலிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் என் காதுக்கு அளவெடுத்துச் செய்த அச்சு. நிறம் தோல் நிறமாம். யாருடைய தோல் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் அந்த நிறத்தில் இருப்பது பல்லி மட்டும்தான்.

மேடம் பேட்டரிக் கதவைத் திறந்து, லென்ஸ் வைத்து உள்ளே செதுக்கியிருந்த சீரியல் நம்பரை வாசித்தார். நீளமாக என்னவோ போய், கடைசியில் பூஜ்யம் நான்கு இரண்டு பூஜ்யம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் காது ஒரு நானூற்றிருபது! அசல் ஃபிராடு! வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்றவர் மட்டும் சிரித்தாரா என்று தெரியவில்லை, ஏனென்றால் அவர் மண்டபத்துக்குள்ளும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. வங்கிக்குக் கொள்ளையடிக்கப் போகிற வழியில் காது பார்த்துக்கொள்ள வந்தவர் போல நின்றார். "அடுத்தவங்களுக்கு இருபத்தொண்ணு" என்றார் மேடம். ஒரே நம்பரில் ஹெல்மெட்காரர் யோக்கியனாகத் தப்பிவிட்டார்.

ஒவ்வொருவர் காதுக்கும் தக்கபடி கம்ப்யூட்டரில் சத்தத்தை அளந்து வைத்தார்கள். வைத்து முடித்ததும் நான் மிஷினை அணைத்தது போல் பாவனை செய்தேன். மேடம் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் பேசினார். அக்டோபர் பதினொன்றாம் தேதி திரும்ப வரவேண்டும். கேட்கும் அளவைக் காட்டுகிற கோடு வலது காதுக்கு இன்னும் கீழே இறங்கியிருந்தால் இந்த மிஷின் பற்றாது, வேறு பள்ளிக்கூடம் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கும்.

புது மிஷின் அருமையாகக் கேட்கிறது.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தது நான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

காதைத் தொட்டுக் காட்டி, கையை விரித்து, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சைகை செய்தால் உலகம் என் முன்னால் எதை வேண்டுமானாலும் பேசும். இன்று அறிவியல் டீச்சர், காலாண்டுப் பரீட்சையில் எந்தப் பாடத்திலிருந்து பெரிய கேள்வி வரும் என்று கணக்கு டீச்சரிடம் சொன்னார். வகுப்பு முழுக்க எனக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

செப்டம்பர் 20, சனி

அப்பாவின் கடையில் வேலை. அப்பா மார்க்கெட் பக்கம் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் ரிப்பேர் பார்க்கிறார். ஆயுத பூஜை நெருங்கினால் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. ஓடாத மிஷினைச் சாமிக்கு முன்னால் வைக்க ஜனங்களுக்கு வெட்கம்.

வருவதில் பாதி, அரசாங்கம் கொடுத்த விலையில்லா மிக்ஸி. எல்லாம் ஒரே முகம், ஒரே நிறம். அதனால் கடையில் ஒரு சட்டம்: முகத்தைப் பார்க்காதே, நம்பரைப் பார். அம்மாவுக்கு சீரியல் என்றால் இரவு எட்டு மணிக்கு வருவது. அப்பாவுக்கு சீரியல் என்றால் அடியில் ஒட்டியிருப்பது. மிக்ஸியைக் கவிழ்த்து நம்பரைப் பார்த்து, அட்டையில் எழுதிக் கட்டுவது என் வேலை. டிவிக்கு முதுகில், ஃபிரிட்ஜுக்குக் கதவுக்கு உள்ளே. செல்போன் ஒன்றுதான் ஸ்டார் ஹாஷ் பூஜ்யம் ஆறு ஹாஷ் என்று கேட்டால் தானே வாயைத் திறந்து சொல்லும். மற்றதெல்லாம் வெட்கப்படுகிற ஜாதி. தகட்டில் செதுக்கிய நம்பர் தேய்ந்திருந்தால் அப்பா முகப்பவுடரை எடுத்துத் தடவித் துடைப்பார். பள்ளத்தில் பவுடர் தங்கி, எண்கள் வெள்ளையாகச் சிரிக்கும்.

சொர்ணம் அக்கா தன் மிக்ஸியை வாங்க வந்து, மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, இது தன்னுடையதே இல்லை என்று உட்கார்ந்துவிட்டாள். தன் மிக்ஸியில் ஒருநாளும் வெங்காய வாடை அடித்ததில்லையாம். அப்பா மிக்ஸியைக் கவிழ்த்தார், அட்டையைக் காட்டினார். நம்பர் அச்சாகப் பொருந்தியது.

"நம்பரு சரிதான். அப்ப வெங்காயத்த யாரு அரைச்சா?"

"டெஸ்டிங்" என்றார் அப்பா.

மத்தியானம் இட்லிக்குச் சட்னி நன்றாக இருந்தது.

செப்டம்பர் 27, சனி

பரீட்சை முடிந்தது. விடுமுறை. கடைக்கு மினி பஸ்ஸில் போனேன். கண்டக்டர் வேறு யார், எங்கள் வளவு ஹவுஸ் ஓனர் பேராச்சி அத்தையின் மகன் மந்திரமூர்த்தி அண்ணன்தான். வளவு என்றால் ஒரே முற்றத்தைச் சுற்றி ஐந்து வீடு. நாங்கள் ஒரு வீட்டில் குடியிருக்கிறோம், அவர்கள் எதிர் வீட்டில்.

இந்த அண்ணனைக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். வணக்கம் சொன்னால் பதில் வராது. பஸ்ஸில் யாராவது ஏதாவது கேட்டால் மேலே கம்பியைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார். அதனால் அவருக்கு நான் திமிர்மூர்த்தி என்று பெயர் வைத்தேன். பெயர் நன்றாக ஓடி, இப்போது பின் சீட்டுப் பையன்கள்கூட அவர் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்கிறார்கள். எத்தனை தடவை சொன்னாலும் திரும்புவதில்லை. அவ்வளவு திமிர். இப்போது புதுசாக முடியை வேறு காதை மூடுகிற அளவு வளர்க்கிறார். சினிமாவில் சேரப் போகிறார் போல.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வளவில் ஐந்து வீட்டுக்கும் சேர்த்து முற்றத்தில் ஒரே பூஜை. அரிவாள்மணை, அயர்ன் பாக்ஸ், அப்பாவின் ஸ்க்ரூ டிரைவர்கள், மூர்த்தி அண்ணனின் டிக்கெட் பையும் விசிலும். பேராச்சி அத்தையின் கிரைண்டரைத் தூக்க ஆள் இல்லாததால் குழவிக்கல் மட்டும் வந்து பிரதிநிதியாக உட்கார்ந்தது. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம்.

அம்மா என் காது மிஷினையும் கேட்டாள். அச்சைத் தனியாகக் கழற்றி, மேடம் சொன்னபடி சோப்புத் தண்ணீரில் கழுவி ஜன்னலில் காய வைத்தாள். மிஷினைத் துடைத்து, பேட்டரிக் கதவைத் திறந்து, வெளியே ஒரு பொட்டு, உள்ளே ஒரு பொட்டு. ஊரில் எல்லோரும் பிள்ளைக்கு நெற்றியில் வைப்பார்கள். காதுக்குள் குங்குமம் வைத்த தாய் என் தாய்தான். நான் அதைத் தாம்பாளத்தில் வெற்றிலைக்கு மேலே வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பேராச்சி அத்தை வந்து, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அதே வெற்றிலைக்கு அடியில் எதையோ செருகினாள். தங்கமாக இருக்கும்.

வைத்த பொருளை மறுநாள் காலையில் இரண்டாம் தீபாராதனை ஆகிற வரைக்கும் எடுக்கக் கூடாது. எடுத்தால் வருஷம் முழுக்க அது வேலை செய்யாதாம். ஆகவே சாயங்காலத்திலிருந்து நான் ஊமைப்படம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பொரி நன்றாக இருந்தது. சாப்பிடும்போது சத்தமே வராத பொரி.

அக்டோபர் 2, வியாழன்

தீபாராதனை முடிந்ததும் எல்லோரும் அவரவர் பொருளை எடுத்துக்கொண்டார்கள். பேராச்சி அத்தைதான் முந்திக்கொண்டு முதல் ஆளாகத் தாம்பாளத்தில் கை விட்டாள். அந்த அவசரத்தில் பூவும் வெற்றிலையும் ஒரு பக்கமாகச் சரிந்தன. மேலே வைத்த என் மிஷின் வெற்றிலைக்கு அடியில் கிடந்தது. துடைத்து, அச்சைப் பொருத்தி, மாட்டினேன்.

சத்தம் குறைவாக இருக்கிறது.

குங்குமம் அடைத்திருக்கும். ஊதிவிட்டேன். அப்படியேதான் இருக்கிறது.

அக்டோபர் 3, வெள்ளி

புது பேட்டரி போட்டேன். அப்படியேதான்.

அக்டோபர் 4, சனி

கடைக்குப் போகும்போது பஸ்ஸில் வேடிக்கை. டிரைவர் ஹார்ன் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் மூர்த்தி அண்ணனின் தோள் காது வரைக்கும் ஏறி இறங்கியது. பின் சீட்டுப் பையன்கள் செல்போனில் பாட்டுப் போட்டதும் ஓடிப் போய், "தம்பி, கொஞ்சம் கொறப்பா" என்று கெஞ்சினார். காலையில் பேராச்சி அத்தை பாத்திரம் விளக்க ஆரம்பித்ததும் சாப்பாட்டுத் தட்டோடு மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார். எதையும் காதில் போட்டுக்கொள்ளாத மனுஷர், பூஜை முடிந்ததிலிருந்து எல்லாவற்றையும் போட்டுக்கொள்கிறார். சாமி ஏதோ கொடுத்துவிட்டது போல.

என்னிடம் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார். நான் என்ன என்றேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் என்ன என்றேன். எவ்வளவு திமிர் எனக்கு என்று நினைத்திருப்பார்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? எல்லோருக்கும் கொஞ்சம் தொண்டை கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஐந்து வீட்டுக்கும் சேர்த்து.

அக்டோபர் 6, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. முதல் பெஞ்சிலிருந்தும் தமிழ் டீச்சரின் உதடு மட்டும்தான் வந்தது. வினாடி வினாவுக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார்கள், தொண்டை சரியில்லை என்றேன். சரியில்லாதது தொண்டைதானா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

பதினொன்றாம் தேதிக்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறேன். அந்தப் பரிசோதனையில் காதில் ஹெட்ஃபோன் மாட்டிவிட்டு, 'டிங்' என்று கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். கேட்காவிட்டால் என்ன? மேடத்தின் கை மேஜையில் அசைகிறது. மூக்குக்கண்ணாடியில் கம்ப்யூட்டர் தெரிகிறது. கையைப் பார்த்து அழுத்தினால் கோடு இறங்காது. நானூற்றிருபதை மாட்டிக்கொண்டவள் இதுகூடச் செய்யாவிட்டால் அந்த நம்பருக்கு என்ன மரியாதை?

சாயங்காலம் இரண்டு விரலைக் காதுக்குப் பக்கத்தில் தேய்த்துப் பார்த்தேன். போன மாதம் கை முழுசாக நீட்டினாலும் கேட்டது. இப்போது கன்னத்துக்குப் பக்கத்தில் வந்தால்தான் கேட்கிறது. அப்புறம் மாடிப்படிக்குக் கீழே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே ஒரு பூனை இருந்தது.

அக்டோபர் 8, புதன்

பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கடைக்குப் போனேன். அப்பாவின் மேஜையில் லென்ஸ் பொருத்திய விளக்கு ஒன்று உண்டு. சின்ன சின்ன வேலைக்கு. அப்பா ஒரு ரேடியோவுக்குச் சால்டர் வைத்துக்கொண்டிருந்தார். நான் மிஷினில் தூசி தட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, விளக்குக்குக் கீழே வைத்து, கடைசித் தடவையாகப் பார்த்துவிடலாம் என்று பேட்டரிக் கதவைத் திறந்தேன். பஞ்சால் குங்குமத்தைத் துடைத்தேன். மேலே இருந்தது போய்விட்டது. செதுக்கிய பள்ளத்தில் இருந்தது போகவில்லை. அப்பாவின் பவுடர் செய்கிற வேலையைக் குங்குமம் செய்திருந்தது. எண்கள் சிவப்பாக, தெளிவாக நின்றன.

பூஜ்யம் நான்கு இரண்டு ஒன்று.

மறுபடியும் வாசித்தேன். லென்ஸைத் துடைத்து வாசித்தேன். குங்குமம் வைத்தால் முகம் மாறலாம், நம்பர் மாறாது. ஒன்று பூஜ்யமாகத் தேயலாம், பூஜ்யம் ஒன்றாக நிமிராது.

இது என் மிஷின் இல்லை. யாருடைய காதுக்கோ அளந்து வைத்த சத்தம். அதுதான் குறைவாக இருக்கிறது. மிஷின்தான் குறைவு. நான் இல்லை.

அப்பா நிமிர்ந்து பார்த்து, ஏன் கண்ணில் தண்ணீர் என்றார். சால்டர் புகை என்றேன். அப்பா எழுந்து போய் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார்.

அக்டோபர் 9, வியாழன்

நானூற்றிருபத்தொன்று யார் என்று எனக்குத் தெரியும்: ஹெல்மெட். ஹெல்மெட்டுக்குள் யார் என்பதுதான் கேள்வி.

மிஷின் என் காதை விட்டுக் கீழே இறங்கியது ஒரே ஒரு நாள்தான், பூஜை அன்று. அந்தத் தாம்பாளத்தில் வளவுப் பொருளைத் தவிர வேறு கிடையாது. ஆகவே ஹெல்மெட் எங்கள் வளவில் இருக்கிறது. வெற்றிலைக்கு அடியில் தங்கத்தைச் செருகியது பேராச்சி அத்தை. அம்மா செய்ததைப் பார்த்து அவளும் அச்சைக் கழற்றி, உள்ளே ஒரு பொட்டு வைத்திருக்க வேண்டும். அத்தைக்குக் காது பாம்புக் காது, ஹெல்மெட் கிடையாது. அவள் வீட்டில் ஹெல்மெட்டும் தலையும் உள்ள ஆள் ஒருவர்தான். காதை மூட முடி வளர்க்கிற ஆளும் அவர்தான்.

இருந்தாலும் சோதிக்காமல் யார்மேலும் பழி போடக் கூடாது. சத்தமாக எதையாவது தட்டிப் பார்க்கலாம்தான். என் அளவுச் சத்தம் அவர் காதில் இருக்கிறது, பாவம், வலிக்கும். அதனால் சின்னதாக ஒன்று. அண்ணன் முற்றத்தில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு முதுகு. நான் வாசல்படியில் நின்று, மிக்சர் பாக்கெட்டின் ஓரத்தை மெதுவாகக் கசக்கினேன். எனக்கே கேட்கவில்லை.

வருஷக்கணக்காகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாதவர், ஒரு பிளாஸ்டிக் கவருக்குத் திரும்பினார்.

மிக்சர் வேண்டுமா அண்ணே என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

இதைவிடப் பெரிய சமாச்சாரம் இந்த வளவில் எனக்குக் கிடைத்ததில்லை. சொன்னால் ஐந்து வீட்டுக்கும் ஒரு மாதத்துக்குப் பேச்சு. அப்பாவிடம் சொன்னால் நாளைக்கே காது என் கைக்கு வந்துவிடும். கூடவே எல்லோருக்கும் தெரிந்துவிடும். மண்டபத்துக்குள்ளும் ஹெல்மெட் போட்டு நின்ற ஆள் அவர்.

நாளை மறுநாள் பரிசோதனை. மேடம் மறுபடியும் நம்பரைச் சத்தமாக வாசித்தால் மண்டபத்துக்கே தெரிந்துவிடும். நாளைக்குள் கேட்டாக வேண்டும்.

அக்டோபர் 10, வெள்ளி

பள்ளிக்கூடம் விட்டதும் மினி பஸ்ஸில் ஏறி, எங்கள் ஸ்டாப்பில் இறங்காமல் கடைசி ஸ்டாப் வரை போனேன். எல்லோரும் இறங்கினார்கள். டிரைவர் டீ குடிக்கப் போனார். அண்ணன் படிக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து டிக்கெட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என் காது மிஷினு உங்ககிட்ட இருக்கு. உங்களது இந்தா, என்கிட்ட இருக்கு."

அவர் நிமிரவில்லை. "எந்த மிஷினு? ரிப்பேர்னா ஒங்க அப்பாட்ட கேளு."

நான் மிஷினைக் கழற்றி, கதவைத் திறந்து, அவர் மடியில் கிடந்த டிக்கெட்டின் மேல் வைத்தேன். உள்ளே சிவப்பாக எண்கள். முகாமில் மேடம் சத்தமாக வாசித்த நம்பர்தானே. அவருக்கும் மறந்திருக்காது.

அவர் டீக்கடையைப் பார்த்தார். டிரைவரின் முதுகுதான் தெரிந்தது. அப்புறம் கையை முடிக்குள் விட்டு, அவருடையதைக் கழற்றினார். அதன் கதவையும் திறந்தோம். என் நானூற்றிருபது. அம்மாவின் பொட்டு இன்னும் உள்ளே இருந்தது.

இருவரும் அச்சைப் பிடுங்கி மாற்றிப் பொருத்தினோம். மாட்டிக்கொண்டேன்.

பஸ் முழுக்கச் சத்தம். அணைத்த எஞ்சின் சூடு ஆறும்போது டிக் டிக் என்கிறது. டீக்கடையில் கண்ணாடி டம்ளர் மேல் டம்ளர் உட்காருகிறது. ஒரு சைக்கிளுக்கு எண்ணெய் போட வேண்டியிருக்கிறது.

"அப்பாடா" என்று கண்ணை மூடினார் அண்ணன். "ஒரு வாரமா மண்ட வெடிச்சுப் போச்சு. அந்த மேடம்தான் தப்பா வச்சிட்டாவன்னு நெனச்சேன். நாளைக்குப் போய்ச் சண்ட போடணும்னு இருந்தேன்."

அப்புறம் தானாகவே சொன்னார். மூன்று வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறதாம். யார் என்ன கேட்டாலும் தப்பாகப் பதில் சொல்லி அசிங்கப்படுவதற்குப் பதில், மேலே கம்பியைப் பார்த்துக்கொண்டு போய்விடுவாராம். முதலாளிக்குத் தெரிந்தால் பையை வாங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிடுவாராம். முடி வளர்ந்து காதை மூடட்டும் என்று பூஜை வரைக்கும் மிஷினை மாட்டவே இல்லையாம்.

"அப்ப ஏன் முகாமுக்கு வந்திய?"

டிக்கெட்டைத் தட்டித் தட்டி நேராக்கினார். "ஆகஸ்ட் மாசம் ஒரு சின்னப் பிள்ள படியில நின்னு எறங்குதேன் எறங்குதேன்னு கத்திருக்கு. எனக்குக் கேக்கல. போலாம்னு ரெட்ட விசில் குடுத்துட்டேன். விழுந்து முட்டி பேந்து போச்சு. முட்டியோட போச்சு."

கீழே விழுந்திருந்த ஒரு டிக்கெட்டை எடுத்து அவர் கட்டின் மேல் வைத்தேன். கிண்டல் பண்ணாமல் இருந்தது எனக்கே புதுசாக இருந்தது.

பிறகு அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. ஒரு வாரத்தில் வளவு முழுக்கக் கேட்டாராம். எங்கள் வீட்டில் சீனி டப்பா திறப்பதுகூட.

"திங்கக்கெழம சாயந்தரம் மாடிப்படிக்குக் கீழ அழுதது நீயாட்டி?"

"பூனை."

"பூனையா?"

"பூனைதான் அண்ணே."

"சரி. அந்தப் பூனைட்ட சொல்லு, அதுக்குக் காது ஒண்ணும் கொறஞ்சிரலன்னு."

அது பூனைதான் என்று இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

டிரைவர் டீக்கடையை விட்டுக் கிளம்பிவிட்டார். அண்ணன் அவசரமாக முடியை இழுத்துக் காதை மூடினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வளவுல நீ சொல்லாத விஷயம்னு ஏதாவது உண்டா?" என்றார்.

"இனிமே ஒண்ணு இருக்கும்" என்றேன்.

அக்டோபர் 11, சனி

மண்டபம். ஹெட்ஃபோனை மாட்டினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மேடம் ஏன் என்று கேட்டதற்கு, கண்ணாடியில் கம்ப்யூட்டர் தெரிகிறது, காப்பி அடிப்பது போல் இருக்கும் என்றேன். அவர் சிரித்துவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஒரு நல்ல திட்டம் வீணாகப் போனது.

கோடு போன மாதம் நின்ற அதே இடத்தில் நிற்கிறது. மேடம் இரண்டு தாளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் காட்டினார். அம்மா வாங்கிப் பார்த்தாள், தலைகீழாகப் பிடித்துக்கொண்டு.

வரிசையில் எனக்குப் பின்னால் ஹெல்மெட். அம்மா என் கையைக் கிள்ளி, "ஏட்டி, அந்த ஆளப் பாரு. போன தடவையும் இப்பிடித்தான் நின்னான். திருட்டுப்பய மாதிரி" என்றாள், அவளுடைய மெதுவான குரலில், அதாவது மண்டபத்துக்கே கேட்கிற குரலில்.

யாரோ பாவம், தலையில் சளி பிடித்திருக்கும் என்றேன்.

வீட்டுக்கு வந்து மிஷினில் நகப்பாலிஷால் ஒரு பொட்டு வைத்தேன். கூடவே கடையிலிருந்து நம்பர் எழுதிய அட்டை ஒன்று தயார் செய்திருக்கிறேன். அடுத்த வருஷம் சாமிக்கு முன்னால் அட்டை கட்டித்தான் வைப்பது.

அக்டோபர் 13, திங்கள்

காலையில் பஸ்ஸில் ஏறினால் அண்ணனுக்கு ஒட்ட வெட்டிய முடி. காதுக்குப் பின்னால் பல்லி நிறத்தில் மிஷின் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. நேற்று முதலாளி வீட்டுக்கு அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தாராம். முதலாளி டிரைவரைச் சொல்லி, அந்த ஆளு கண்ணாடி போட்டுக்கிட்டுத்தானே ஓட்டுதான், நீ இதப் போட்டுக்கிட்டு ஊது என்றாராம். ஆனால் கழற்றிவிட்டு வேலைக்கு வந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவாராம். சாயங்காலம் எங்கள் வீட்டில் சீனி டப்பா திறக்கிற சத்தத்துக்கு நடுவில் பேராச்சி அத்தை அம்மாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அப்போதுதான் முதல் தடவையாகக் கேள்விப்படுகிற முகத்தை வைத்துக்கொண்டேன்.

காலையில் பஸ்ஸில் பூக்கூடை வைத்திருந்த ஒரு அம்மா அண்ணன் காதருகே குனிந்து, "என்னப்பா இது காதுல?" என்று கத்தினாள்.

"மிஷினு. கத்தாதீங்கம்மா, கேக்கு."

பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பையன் கூட்டத்துக்கு நடுவில் இறங்கணும் என்றான். கத்தக்கூட இல்லை, சொன்னான். ஒற்றை விசில். பஸ் நின்றது. பையன் இறங்கித் தரையில் இரண்டு காலையும் வைத்துத் திரும்பிப் பார்த்த பிறகுதான் இரட்டை விசில்.

அப்போது பின் சீட்டிலிருந்து யாரோ வழக்கம் போல ஆரம்பித்தான். "ஏய், திமிர்மூர்த்தி இன்னைக்கு மொட்ட போட்டுட்டாருல."

அண்ணன் திரும்பினார். பின் சீட்டைப் பார்த்தார். பின் சீட்டு முழுக்க, ஆள் ஆளாக, கை நீட்டி என்னைக் காட்டியது. அவர் டிக்கெட் பையைப் பிடித்துக்கொண்டு கம்பி கம்பியாகத் தாண்டி என் சீட்டுக்கு வந்து நின்றார்.

"இந்தப் பேர வச்சது நீயாட்டி?"

நான் காதைத் தொட்டுக் காட்டி, கையை விரித்து, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சைகை செய்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் சிரித்தது நன்றாகக் கேட்டது.